பாலம் வேலைக்கு பிரேக்கர் மட்டும் போதுமா? ஹிட்டாச்சி அட்டாச்மென்ட்கள் பற்றி குமரி சைட்டிலிருந்து

நம்ம மாவட்டத்தில் ஒரு கலுங்கை, அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டிய சின்னப் பாதையை, இடித்துக் கட்டணும், பழைய பாலத்தை அகலப்படுத்தணும் என்று வேலை வந்தால் கான்ட்ராக்டர் முதலில் போன் போடுவது பிரேக்கர் வண்டிக்குத்தான், அதாவது மண் தோண்டுகிற ஹிட்டாச்சியின் கையில் பக்கெட்டுக்குப் பதில் அடித்து உடைக்கிற உளி பூட்டிய வண்டிக்கு. வேறு எதையும் யோசிப்பதே கிடையாது. சாலை வேலை எடுக்கும் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் நான் சைட் பார்க்கிறேன், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில்தான் அதிகம். பிரேக்கர், கான்கிரீட்டைக் கடித்து நொறுக்கும் ஜா, அகல பக்கெட், மண்ணை அதிர்த்து அமுக்குகிற பிளேட் காம்பாக்டர், குழி துளைக்கிற ஆகர் என்று வாடகைக்குக் கிடைப்பதையெல்லாம் வைத்து வேலை வாங்கிப் பார்த்தாயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போகலாம். முழுசாக இடித்துத் தள்ளுகிற வேலைக்கு பிரேக்கர் சரி. பாதியை வைத்துக்கொண்டு பாதியை எடுக்கிற வேலைக்கு, அதாவது புதுப்பிக்கிற வேலைக்கு, மணி வாடகை கூடுதல் என்றாலும் கணக்கு முடிக்கும்போது ஜாதான் மலிவு.

ஏன் எல்லாரும் பிரேக்கரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அவசரம். கோதையாறு பாசனத்துக்கு பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை ஜூன் 1ஆம் தேதி திறந்து பிப்ரவரி 28இல் அடைப்பதுதான் வழக்கம். சுமார் 79,000 ஏக்கருக்குப் போகிற தண்ணீர், தோவாளை சானல், அனந்தனார் சானல், பட்டணங்கால் என்று ஊர் ஊராகப் பிரிந்து ஓடுகிறது, அதன்மேல் எத்தனை சின்னப் பாலம், எத்தனை கலுங்கு என்று எண்ணி மாளாது. தண்ணீர் ஓடும்போது சானலுக்குள் இறங்க முடியாது. ஆக மார்ச், ஏப்ரல், மே, இந்த மூன்று மாதம்தான் நமக்கு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு ஒரு பெரிய மழைக்காலம், நமக்கு இரண்டு. 2021 நவம்பர் வெள்ளத்தில் சானல் கரைகளும் சாலைகளும் போன போக்கைப் பார்த்தவர்களுக்கு, மழைக்குமுன் முடிக்கணும் என்று ஏன் எல்லாரும் பறக்கிறார்கள் என்பது தெரியும். பறக்கிற நேரத்தில் கையில் கிடைப்பதை வைத்து அடித்துத் தள்ளுகிறார்கள்.

சரி, பிரேக்கருக்கு வருவோம். 20 டன் ஹிட்டாச்சியில் பூட்டுகிற பிரேக்கரின் உளி சுமார் 135, 140 மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஜேசிபியின் பின்பக்கம் பூட்டுவது அதில் பாதிதான், அது தார் உடைக்க, கைப்பிடிச் சுவரை எடுக்க, வீட்டு வாசல் கான்கிரீட்டை உடைக்கப் போதும். நம்ம ஊர்ப் பாறை சார்னோக்கைட், நைஸ் வகை. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்தில் அது தலையை நீட்டினால் பெரிய பிரேக்கரைத் தவிர வேறு வழியில்லை, பக்கத்திலேயே வீடு இருக்கும் இடத்தில் வெடி வைக்க முடியாது. அந்த வேலையில் பிரேக்கருக்கு முழு மார்க் போடலாம்.

ஆனால் அதை ஓட்டுகிற ஆளைப் பொறுத்துத்தான் அந்த மார்க். உளி செங்குத்தாக உட்கார வேண்டும், சாய்த்து வைத்து அடித்தால் உள்ளே உளியைச் சுற்றிப் பிடிக்கிற வளையமான புஷ் தேய்ந்து போகும். ஒரே இடத்தில் பதினைந்து, இருபது விநாடி அடித்தும் உடையவில்லை என்றால் இடத்தை மாற்ற வேண்டும். நல்ல ஆபரேட்டர் "அண்ணே, இது இங்க விடாது, விளிம்புக்கு வர்றேன்" என்று தானே சொல்லி நகர்வார். மோசமான ஆள் ஒரு நிமிடம் அங்கேயே நின்று பாறையில் தூசி கிளப்பிக்கொண்டிருப்பார், உளி சூடேறி முனை மழுங்கும், நம்ம மணிக்கணக்கு மட்டும் ஓடும். உளியைப் பாறை இடுக்கில் விட்டு நெம்புகிற பழக்கம் இன்னொன்று. அது உடைக்கிற கருவி, கடப்பாரை வேலை செய்ய வேண்டியது அது இல்லை. அப்புறம் கிரீஸ். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அடிக்க வேண்டும், அதுவும் பிரேக்கரை நேராக நிறுத்தி உளியைத் தரையில் அழுத்தி, உளி மேலே ஏறியிருக்கும்போது அடிக்க வேண்டும். தொங்கவிட்டு அடித்தால் கிரீஸ் உளிக்கு மேலே பிஸ்டன் அடிக்கிற இடத்தில் போய் நிறையும், சீல் போகும். டீ குடிக்கிற நேரத்தில் ஹெல்பர் என்ன பண்ணுகிறார் என்று ஒரு கண் வைத்தாலே வண்டி எப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தண்ணீரில் பிரேக்கர் வேண்டாம். அடைத்த சானலில்கூட அடியில் ஊற்று வரும், அபட்மென்ட், அதாவது பாலத்தின் முனையைத் தாங்குகிற சுவரின் அடிப்பகுதியை உடைக்கும்போது முழங்கால் தண்ணீர் நிற்கும், "கொஞ்சம்தானே" என்று அதற்குள் உளியை விட்டு அடிப்பார்கள். தண்ணீருக்குள் அடிக்க வேண்டுமென்றால் பிரேக்கருக்குள் காற்றழுத்தம் கொடுக்கிற தனி ஏற்பாடு வேண்டும், நம்ம பக்கம் வாடகைக்கு வருகிற எதிலும் அதை நான் பார்த்ததில்லை. அது இல்லாமல் அடித்தால் தண்ணீரும் மணலும் உள்ளே ஏறி, பிஸ்டன் கீறி, கடைசியில் ஹைட்ராலிக் ஆயில் வரைக்கும் கெடும். பம்ப் வைத்து இறைத்துவிட்டு அடியுங்கள், ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.

இப்போது பாலத்துக்கு மேலே ஏறுவோம், இங்கேதான் எனக்கும் பிரேக்கருக்கும் ஒத்துப்போகாது. சின்னப் பாலத்தின் தளம் பெரிய கனமெல்லாம் இருக்காது. உளி அதைத் துளைத்து அந்தப்பக்கம் போனதும் கீழே வெறும் காற்று, அடித்த அடி எங்கேயும் போகாமல் பிரேக்கருக்குள்ளேயே திரும்புகிறது. இப்படிக் காலியாக அடிபட்டால் முதலில் போவது உடம்பைச் சேர்த்துப் பிடிக்கிற நீள போல்ட்டுகள். அது வண்டிக்காரர் தலைவலி என்று விட்டுவிடலாம். நம்ம தலைவலி வேறு. ஒரு பக்கம் மட்டும் தளத்தை எடுத்துவிட்டு, இன்னொரு பக்கத்தை வைத்துக்கொண்டு, பழைய கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்து அகலப்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிரேக்கர் அடிக்கிற அதிர்வு வெட்டுக் கோட்டோடு நிற்காது. இருக்க வேண்டிய கான்கிரீட்டுக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும், கம்பியைப் பிடித்திருக்கிற கான்கிரீட் தளர்ந்துபோகும். அதன்மேல் போடுகிற புதுக் கான்கிரீட் எவ்வளவு நல்ல மிக்ஸாக இருந்தாலும் உளுத்த பல்லில் போய் ஒட்டின மாதிரிதான்.

ஜா இந்த இடத்தில்தான் வாடகைக்கு நியாயம் செய்கிறது. அடிக்கிறது இல்லை, இரண்டு பக்கமும் அழுத்திக் கடிக்கிறது, அதனால் அதிர்வு குறைவு, சத்தமும் குறைவு. கான்கிரீட் துண்டு துண்டாக உதிர்ந்து கம்பி தனியாக நிற்கும். கவனமான ஆபரேட்டராக இருந்தால் நமக்கு வேண்டிய கம்பி கொஞ்சம் வளையும், அறுந்து போகாது. வேண்டாத கம்பியை ஜாவின் தொண்டையில் இருக்கிற பிளேடால் அங்கேயே நறுக்கிவிடலாம். கடைசி 100 மில்லிமீட்டரை மட்டும் கையில் பிடிக்கிற சிப்பிங் ஹேமரால் எடுக்க விட்டுவிடுங்கள், அதில் அவசரம் காட்டக் கூடாது. பாலம் பழுது பார்க்கிற வேலைகளுக்கு இந்திய சாலைகள் காங்கிரஸ் எஸ்பி 40 என்று தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது, சைட் இன்ஜினியர் மேசையில் அது இருந்தால் ஜா செலவை ஏற்றுக்கொள்ள வைப்பது கொஞ்சம் சுலபம்.

ஜாவுக்கும் குறைகள் உண்டு, மறைக்கவில்லை. 20 டன் வண்டிக்கு வருகிற ஜா வாயைத் திறந்தால் முக்கால் மீட்டர் அளவுதான், அதைவிடக் கனமான அபட்மென்டை அதால் கவ்வ முடியாது. கடிக்க ஒரு விளிம்பு வேண்டும், சமதளமாக இருக்கிற கான்கிரீட்டில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும், முதலில் ஒரு பிரேக்கர் போய் வாசல் திறந்து கொடுக்க வேண்டும். பிரேக்கருக்கு ஆயில் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி போதும், ஜாவுக்குத் திறக்க, மூட இரண்டு பக்கமும் அழுத்தம் வேண்டும், ஜாவைச் சுழற்ற வேண்டுமென்றால் அதற்கும் தனி லைன். "பிரேக்கர் லைன் இருக்கு சார், எல்லாம் ஓடும்" என்று சொல்கிறவர்களை நம்பி வண்டியை லோபெட்டில் (வண்டியைச் சுமந்து வருகிற தாழ்வான டிரெய்லரில்) ஏற்றிவிடாதீர்கள். எடையும் இரண்டு டன்னைத் தொடும், பூமை, அதாவது வண்டியின் கையை, முழுசாக நீட்டிப் பக்கவாட்டில் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் லேசாகத் தூக்குவதை ஆபரேட்டர் மட்டுமல்ல, கீழே நிற்கிற நாமும் உணரலாம். கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது வேறு விஷயம், நிற்கிறோம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, வண்டியை எங்கே நிறுத்துவது. வண்டி 20 டன்னுக்கு மேல், அதில் தொங்குவது இரண்டு டன். இடிக்கிற அளவுக்குப் பழுதான பாலத்தின் நடுவில் அதை ஏற்றி நிறுத்திவிட்டு, தான் நிற்கிற தளத்தையே உடைத்துக்கொண்டு பின்னால் வருவதை நான் நம்ம மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அப்ரோச்சில், அதாவது பாலத்துக்கு ஏறுகிற சாலையில், நிறுத்தி, கை எட்டுகிற தூரத்துக்கு வேலை பாருங்கள், எட்டவில்லை என்றால் சானலுக்குள் இறங்கி அடியிலிருந்து பாருங்கள். பாலத்தின் மேல்தான் நின்றாக வேண்டும் என்றால் இன்ஜினியர் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். புதுசாகப் போட்ட தார் ரோட்டில் செயின் வண்டி ஏறினால் பல் பதிந்து போகும், அதற்கு ரப்பர் பேட் கேளுங்கள், அது இல்லையென்றால் பழைய டயர்களையாவது போட்டு அதன்மேல் நகர்த்தச் சொல்லுங்கள்.

பழைய திருவிதாங்கூர் காலத்துக் கலுங்குகள் இன்னும் நம்ம உள்சாலைகளில் இருக்கின்றன, கொத்திய கருங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அதில் ஜாவும் வேண்டாம், பிரேக்கரும் வேண்டாம். பக்கெட்டுக்கு எதிரில் கட்டைவிரல் மாதிரி மடங்குகிற இரும்புக் கை ஒன்று பூட்டுவார்கள், இல்லையென்றால் தனி கிராப் வரும். அதை வைத்து ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கி எடுத்து ஓரமாக அடுக்கினால் அந்தக் கல் அப்படியே பக்கச்சுவருக்கு ஆகும். இந்தக் காலத்தில் அப்படிக் கொத்த ஆளும் இல்லை, கொத்தினாலும் கூலி கட்டாது. பிரேக்கரால் அடித்துச் சில்லாக்கி டிப்பரில் ஏற்றிக் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நான்குவழிச் சாலைக்கு நிரப்ப மண் கிடைக்காமல் வேலை வருஷக்கணக்கில் இழுத்த மாவட்டம் இது, இங்கே இருக்கிற கல்லையும் உடைந்த கான்கிரீட்டையும் குப்பையாகப் பார்ப்பதே தப்பு. ஜா நொறுக்கிய கான்கிரீட் ஒரே அளவாக இருக்காது, ஆனால் கம்பி நீங்கியிருக்கும், இன்ஜினியர் ஒப்புக்கொண்டால் தற்காலிகப் பாதைக்கும் தாழ்வான ஓரங்களுக்கும் நிரப்பப் பயன்படும்.

வாடகைக்கு விடுகிறவர்கள் பற்றி. பெயர் எதுவும் போடப் போவதில்லை. ஓர் இடத்திலிருந்து வந்த பிரேக்கர், பெயின்ட் புதுசு, ஸ்டிக்கர் புதுசு, அடி மட்டும் செத்த அடி. ஹோஸ் இரண்டும் பாம்பு போலத் துள்ளிக்கொண்டே இருந்தது, உளி புஷ்ஷுக்குள் லொடலொடவென்று ஆடியது. உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இறங்கியிருந்தது, புஷ்ஷும் தேய்ந்து போயிருந்தது. வண்டியை மாற்றித் தரக் கேட்டால் "மிஷின் ஓடிச்சுல்ல, மீட்டர் ஓடிச்சுல்ல" என்ற பதில்தான். அவர்கள் சொன்ன மீட்டர் யார்டிலிருந்து கிளம்பிய நேரத்திலிருந்தே எண்ணப்பட்டிருந்தது, லோபெட் வாடகை தனி. இன்னோர் இடம், தக்கலை பக்கம், சின்ன யார்டுதான், ஒரே ஹிட்டாச்சிக்குப் பிரேக்கர், ஜா, அகல பக்கெட் மூன்றையும் சேர்த்து அனுப்புகிறார்கள். எந்த அட்டாச்மென்ட் பூட்டுகிறோமோ அதற்கு ஏற்ற மாதிரி ஆயில் ஓட்டத்தை ஆபரேட்டரே செட் பண்ணிக்கொள்கிறார். நின்றுபோன நேரத்தைப் பில்லில் தானாகக் கழிக்கிறார்கள். வாடகை முதல் இடத்தைவிட அதிகம், நான் தாராளமாகக் கொடுப்பேன். ஒரே குறை, போனை எடுப்பதில்லை, நேரில் போனால்தான் வேலை ஆகும்.

மூன்று அட்டாச்மென்டை மாற்றி மாற்றிப் பூட்டுவதற்கு குவிக் கப்ளர் என்கிற விரைவுப் பூட்டு வேண்டும். பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், கப்ளரில் சில நிமிடம், ஆபரேட்டர் சீட்டை விட்டு இறங்காமலே முடிந்துவிடும். ஆபத்தும் அங்கேயேதான். இறங்கிப் பார்க்காததால் பூட்டு சரியாக விழுந்ததா என்று தெரியாது, தூக்கிக்கொண்டு திரும்பும்போது பக்கெட் கழன்று விழுந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பூட்டியதும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி இழுத்துப் பார்க்கணும், பாதுகாப்பு பின் போட்டாயிற்றா என்று ஹெல்பர் கண்ணால் பார்த்துச் சொல்லணும், அதுவரை யாரும் கிட்டே போகக் கூடாது. இதைச் செய்யாத ஆபரேட்டரை முதல் நாளே திருப்பி அனுப்பலாம், கான்ட்ராக்டர் திட்டினாலும் பரவாயில்லை.

பிளேட் காம்பாக்டர் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இதில்தான் சொல்ல அதிகம் இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் பைக் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும், புதுப் பாலம் ஏறும் இடத்தில் ஒரு குலுக்கல், இறங்கும் இடத்தில் ஒரு குலுக்கல். பாலம் அசையாது, அபட்மென்டுக்குப் பின்னால் நிரப்பிய மண்தான் ஒரு மழை, இரண்டு மழையில் உட்கார்ந்துவிடுகிறது. காரணம் எளிது, சுவரை ஒட்டிப் பெரிய ரோலர் போக முடியாது, விங் வால், அதாவது அபட்மென்டின் பக்கவாட்டில் மண்ணைத் தாங்குகிற சுவர், அதன் மூலையில் சுத்தமாகப் போகாது. அந்த இடத்தில் ஒரு மீட்டர் மண்ணை ஒரே மூச்சில் கொட்டி, பக்கெட்டின் முதுகால் நாலு தட்டு தட்டிவிட்டு "கெட்டியாயிடுச்சு" என்பார்கள். அது மேல்தோலை மட்டும்தான் கெட்டியாக்கும். ஹிட்டாச்சிக் கையில் பூட்டுகிற அதிர்வுத் தட்டு அந்த மூலைக்குள் போகும், குழிக்குள் ஆள் இறங்காமலே அமுக்கலாம். மெல்லிய அடுக்காகப் போட்டு, தேவையான ஈரத்தில், ஒவ்வொரு அடுக்காக அமுக்க வேண்டும். நம்ம செம்மண் ஈரம் சரியாக இருந்தால் கல்லாகப் பிடிக்கும், கூடிவிட்டால் தட்டுக்குக் கீழே களியாக ஆடும், அதனால் மழை பெய்த மறுநாள் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆபரேட்டர்களுக்கு இது பிடிக்காது, சலிப்பான வேலை, உட்கார்ந்த இடத்திலேயே உடம்பெல்லாம் அதிரும். ஆனால் பாலம் முடிந்தபின் ஊர்க்காரர்கள் திட்டுவது தளத்தை இல்லை, அந்தக் குலுக்கலைத்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் இல்லாத அகல பக்கெட் சானல் தூர்வாரவும் கரைச் சரிவை மட்டமாக்கவும் அருமை, சாலையோரம் குடிநீர்க் குழாய் போகிற இடத்தில் தோண்டவும் அதையே பூட்டச் சொல்லுங்கள், பல் வைத்த பக்கெட் குழாயைக் கிழித்தால் தெருவே திரண்டு வரும். பற்கள் வைத்த உருளை சுழன்று வெட்டுகிற டிரம் கட்டர் நம்ம பக்கம் அபூர்வமாகத்தான் வருகிறது, தார் ரோட்டின் ஓரத்தை நேராக வெட்ட நன்றாக இருக்கும், கம்பி உள்ள கான்கிரீட்டில் விட்டால் வெட்டுப் பற்கள் வரிசையாகப் போகும், அந்தச் செலவை யார் தலையில் கட்டுவார்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆகர் தடுப்புக் கம்பிக்குக் குழி போட நல்லது, செம்மண்ணில் வேகமாக இறங்கும், உருண்டைக் கல் மாட்டினால் நின்று சுற்றும், அங்கே பழையபடி கடப்பாரைதான்.

ஜா வைத்திருக்கிறவர்கள் மாவட்டத்தில் குறைவு, மார்ச் பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அதனால் அணை அடைக்கிறதுக்கு முன்பே, பிப்ரவரி பாதியில் சொல்லி வையுங்கள். சொல்லும்போது இவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மீட்டர் எந்த இடத்திலிருந்து ஓடும், டீசல் யாருடையது, உளி உடைந்தால் யார் பொறுப்பு, ஆபரேட்டர் பேட்டா தனியா, ஜாவை ஓட்டிப் பழகிய ஆளா. கடைசிக் கேள்விக்கு "எல்லாம் ஓட்டுவான் சார்" என்று பதில் வந்தால் வேறு யார்டைப் பாருங்கள்.